காளீஸ்வரனுக்கு ஒரு பிடி மண்

இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் பதினேழு வருடம் ஒலிபெருக்கியில் கேட்ட குரல் சோணைமுத்துவுடையது. "கமுதி, அருப்புக்கோட்டை போற வண்டி மூணாம் நம்பர்ல நிக்குது, ஏறிக்கிருங்க" என்று அவர் சொன்னால், மூட்டையும் பிள்ளையுமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். டைம் கீப்பர் சொல்லிவிட்டார், வண்டி நிற்கும். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நடத்துநராக நின்றே பயணம் செய்தவர். முழங்கால் தேய்ந்த பிறகுதான் நாற்காலியும் மைக்கும் கிடைத்தன. ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, அந்த மைக்கிலேயே இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "சாயல்குடி வண்டி அஞ்சு நிமிசம் லேட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நிலையமே சிரித்தது.

இரண்டு மகள்களும் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி முருகலட்சுமியும்தான். சோணைமுத்து இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எழுபதை நெருங்கும் ஒருவருக்கு இனி என்ன பாக்கி இருக்கும் என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். ஒன்று பாக்கி இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக இருந்தது. அண்ணன் காளீஸ்வரனுக்கு ஊரில் ஒரு கல் நட வேண்டும்.

ஊர் கமுதிக்குத் தெற்கே இருக்கும் ஆவரங்குளம். மிளகாயும் பருத்தியும், மழை பெய்தால் கொஞ்சம் நெல்லும் விளையும் ஊர். கண்மாய்க் கரையில் குலசாமி கோயில். கோயிலுக்கு வலப்பக்கம் வரிசையாக ஐந்து கற்கள். ஐந்தும் பட்டவன் சாமிகள். ஆயுதம் பட்டு, ரத்தம் மண்ணில் விழச் செத்த ஆண்களை அந்த ஊரில் பட்டவன் என்பார்கள். அவர்களுக்குக் கல் நட்டு, வருடா வருடம் படையல் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் கல் மாட்டுத் திருடர்களைத் துரத்திப் போனவருக்கு. இரண்டும் மூன்றும் மடைத் தகராறில் விழுந்த அண்ணன் தம்பிக்கு. நாலாவது யாரென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஐந்தாமவரை வேறு யாரோ என்று நினைத்து ஆள் மாறி வெட்டிவிட்டார்கள். அவருக்கும் கல் உண்டு. ரத்தம் மண்ணில் விழுந்ததல்லவா?

காளீஸ்வரனின் ரத்தம் மண்ணில் விழவில்லை.

அவர் பத்தொன்பது வயதில் விமானப் படையில் சேர்ந்தார். அதிகாரி இல்லை, சாதாரண ஆள்தான். சரக்கு விமானத்தில் ஏற்றி இறக்கும் வேலை என்று கடிதம் போடுவார். எழுபத்தொன்றில் போர் வந்தபோது அந்தச் சரக்கு விமானத்தில் குண்டுகளை ஏற்றினார்கள். வால் பக்கக் கதவைத் திறந்துகொண்டு, உருளைகள் மேல் வைத்த குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது காளீஸ்வரனோடு சேர்த்து நாலு பேருடைய வேலை. டிசம்பர் ஒன்பதாம் தேதி, குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழேயிருந்து சுட்டதில் ஒரு சிதறல் விமானத்தின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வந்து அவருடைய தொடையையும் அடிவயிற்றையும் கிழித்தது. விமானம் ஒழுங்காக இறங்கியது. காளீஸ்வரன் நாற்பத்தொரு நாள் ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். போர் முடிந்து, ஊரெல்லாம் வெடி வெடித்து, பொங்கலும் கழிந்தபின், ஜனவரி பத்தொன்பதாம் தேதி இறந்தார். வயது இருபத்துநான்கு.

இதையெல்லாம் சொன்னவர் அஸ்தியைக் கொண்டுவந்த பாலக்காட்டுக்காரர். அண்ணனோடு குண்டு தள்ளிய நாலு பேரில் ஒருவர். இராமநாதபுரம் ரயில் நிலைய நடைமேடையில், பாதி மலையாளமும் பாதி அழுகையுமாகச் சொன்னார். பிள்ளைகள் அய்யா என்று கூப்பிடும் தகப்பன் முத்துராமலிங்கம் எல்லாவற்றையும் கேட்டு நின்றார். சிவப்புத் துணி சுற்றிய பெட்டியைக் கையில் வாங்கியதும், "ஊருக்குள்ள கொண்டு போகக் கூடாது. இப்படியே ராமேஸ்வரம்" என்றார். அடுத்த ரயிலில் ஏறினார்கள். பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது பெட்டி சோணைமுத்துவின் மடியில் இருந்தது. அவருக்கு வயது பதினேழு. பெட்டி இவ்வளவு லேசாக இருக்கிறதே என்பதுதான் அப்போது தோன்றியது. அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நின்று அய்யா கரைத்தார். ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்கவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் அய்யா கோயில் வாசலில் கூட்டம் கூட்டி, மகனுக்குக் கல் கேட்டார். பெரியவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே பதில் சொன்னார்கள்.

"ஏலே முத்துராமலிங்கம், ஒம் மகன் நல்ல பிள்ளை, அதுல ஒண்ணுமில்ல. ஆனா ஆகாசத்துல அடிபட்டான், கட்டில்ல செத்தான். எந்த மண்ணை அள்ளிக் கல்லு நடுறது?"

கல் நடுவதென்றால் பட்ட இடத்திலிருந்து ஒரு பிடி மண் வர வேண்டும். அதை அடியில் வைத்துத்தான் கல்லை நிறுத்துவார்கள். பிடிமண் இல்லாமல் நட்டால் அது வெறும் கல். அய்யாவிடம் மண் இல்லை. எழுந்து போனவர், சாகிறவரை அந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. கட்டில்ல செத்தவன் என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. ஒரு தடவை சோணைமுத்து முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போய், போர் நினைவுத் தூணில் அண்ணன் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அங்கிருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சண்டை டிசம்பர்லயே முடிஞ்சிருச்சேய்யா" என்றார். சோணைமுத்து மறுபடி அங்கே போகவில்லை. தூண் அவருக்குப் பெரிதில்லை. கண்மாய்க் கரையில் ஆறாவதாக ஒரு கல், வருடத்துக்கு ஒரு நாள் ஊர் வாயால் அண்ணன் பெயர். அது போதும்.

போன வருடம் தை மாதம் அதற்கு ஒரு வழி பிறந்தது போலிருந்தது. கோயிலுக்கு வைகாசியில் கும்பாபிஷேகம் வைத்தார்கள். அது முடிந்துவிட்டால் பன்னிரண்டு வருடத்துக்குப் புதிதாக எதையும் கோயிலில் வைக்க முடியாது. பன்னிரண்டு வருடம் கழித்துத் தான் இருக்கப் போவதில்லை என்று சோணைமுத்துவுக்குத் தெரியும். கமிட்டித் தலைவர் சேதுபதி, கமுதியில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், நாற்பது வயசுக்காரர். சோணைமுத்து போய்க் கேட்டதும் அவர் துள்ளிக் குதித்தார்.

"என்ன தாத்தா, இத்தனை நாளாச் சொல்லாம வச்சிருக்கீக! ராணுவச் சாமி எந்த ஊர்ல இருக்கு? யூனிபார்ம் போட்டோ இருக்கா? பிளக்ஸ்ல அவுகளப் பெருசாப் போட்டு, பின்னாடி ஒரு ஜெட்டு விமானம்…"

"ஜெட்டு இல்லப்பா. சரக்கு விமானம்."

"பிளக்ஸ்ல யாரு தாத்தா பாக்கப் போறா."

பூசாரி மாரிச்செல்வம் அப்படித் துள்ளவில்லை. சோணைமுத்துவுக்குப் பங்காளி முறை. சின்னய்யா என்று கூப்பிடுவார். கல் சம்பந்தப்பட்டதில் அவர் சொல்தான் கடைசி.

"வைக்கலாம் சின்னய்யா. ரெண்டு விசயம். பிடிமண்ணு வரணும். அப்புறம், கல்லு தெறக்கிற அன்னைக்கு மூணு தடவை மேளம் அடிப்போம். அதுக்குள்ள சாமி ரத்த ஒறவு மேல வந்து எறங்கணும். அவுக கூடப் பெறந்தது இப்ப நீங்க ஒருத்தர்தான். வரலைன்னா அந்தக் கல்லுக்குப் படையல்ல பங்கு கெடையாது, பேரு சொல்லிக் கூப்புடவும் மாட்டோம். தெரியும்ல?"

"வருவாக. அம்பது வருசமாக் காத்துக்கிட்டிருக்காக, வராம எங்க போவாக?" என்றார் சோணைமுத்து. மண்தான் அவருடைய கவலை. இரண்டாவது நிபந்தனையைப் பற்றி அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மாசியில் ரயில் ஏறினார். முருகலட்சுமி புளிச்சோறும் மாத்திரைப் பையும் கட்டிக் கொடுத்து, "இந்தி தெரியாத ஆளு, எங்கிட்டு எறங்குவீக?" என்று கேட்டதற்கு, "முப்பத்தஞ்சு வருசம் ஊரெல்லாம் எறக்கி விட்டவன்டி நானு" என்றார். மூன்றாம் நாள் பஞ்சாபில், அண்ணன் இறந்த ராணுவ மருத்துவமனை வாசலில் நின்றார். காவலுக்கு நின்ற பையன் அவருடைய கைப்பையில் எழுதியிருந்த தமிழைப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்க எந்த ஊரு? நான் சாயல்குடி!" என்றான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாயல்குடி வண்டியை எத்தனை தடவை அறிவித்திருப்பார்!

பையன் விசாரித்துச் சொன்னான். விமானம் இறங்கிய தளம் இங்கே இல்லை, நூறு மைலுக்கு அப்பால். வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் இறந்தவர்களை எரித்தது மட்டும் பின்னால், கால்வாய் ஓரத்தில். அந்த இடம் இன்னும் இருக்கிறது.

மருத்துவமனை வளாகத்தில் சோணைமுத்து ஒரு மணி நேரம் நின்றார். காலடியில் மண் இருந்தது. பூந்தொட்டிகளில் இருந்தது, மரத்தடியில் இருந்தது. குனிந்தால் ஒரு பிடி அள்ளியிருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை. அண்ணன் கட்டிலில் கிடந்து செத்த இடத்து மண். அய்யாவைத் தலைகுனிய வைத்த மண். அதை ஊருக்குக் கொண்டு போய், ஆமாம், கட்டிலில்தான் செத்தார் என்று கையில் நீட்டுவதா? கால்வாய்க் கரைக்குப் போனார். அங்கே ஒரு தகரக் கொட்டகையும் கரி படிந்த மேடையும் இருந்தன. மேடைக்குப் பக்கத்தில் மண் சாம்பல் கலந்த பழுப்பில், மாவு மாதிரி இருந்தது. அண்ணன் உடம்பு கடைசியாகத் தொட்ட மண். மஞ்சள் துணியில் ஒரு பிடி அள்ளி முடிந்து, தூக்குவாளிக்குள் வைத்து மூடினார். திரும்பி வரும் வழியெல்லாம் வாளி மடியில்தான் இருந்தது. இந்தத் தடவை கனமாக இருந்தது.

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கியதும் பூசாரிக்குப் போன் போட்டார்.

"மாரி, கெடச்சிருச்சுப்பா! அண்ணனை எரிச்ச எடத்து மண்ணே கெடச்சிருச்சு!"

நடைமேடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுடுகாட்டு மண்ணா சின்னய்யா?"

"ஆமா, அவுக ஒடம்பு…"

"சின்னய்யா, ஊரு எல்லையைத் தாண்டாதீக. எழவு மண்ணு அது. கோயிலுக்குள்ள எப்படி வரும்? ஒங்க அய்யா அவுக சாம்பலையே ஊருக்குள்ள விடலையே. நீங்கதான கூடப் போனீக?"

சோணைமுத்து நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார். தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. சுடுகாட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுப் படி ஏறாத சனம் அவர்கள். ஆனால் கட்டில் மண் வேண்டாம், கட்டில் மண் வேண்டாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, அதற்கு அடுத்தது எதுவும் தோன்றாமல் போய்விட்டது.

வாளியோடு இராமநாதபுரம் வீட்டுக்குப் போனால் முருகலட்சுமி வாசல் கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்றார். "அண்ணன் மேல பாசம் இருக்கட்டும். அத வீட்டுக்குள்ள கொண்டாந்தீகன்னா நான் திருப்பூருக்குப் பஸ் ஏறிருவேன்." சோணைமுத்து வந்த காலோடு திரும்பி, பெரியபட்டினம் வண்டியில் ஏறினார். அங்கே பாக்கர் இருக்கிறார். பன்னிரண்டு வருடம் ஒரே வண்டியில் இவர் நடத்துநர், அவர் ஓட்டுநர். மகன் நவ்ஷாத் துபாயில். பாக்கர் வீட்டுக்குப் பின்னால், பழைய வலை போட்டு வைக்கும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளின் கடைசி எழுத்துவரை படிப்பவர்.

"குடு மச்சான்" என்று வாளியை வாங்கி, கொட்டகைப் பலகையில் வைத்தார். "எங்களுக்கு மண்ணுல தீட்டு கெடையாது. எல்லாரும் அதுக்குள்ளதான் போறோம். இருந்துட்டுப் போகுது."

"இனி பஞ்சாபுக்குப் போக ஒடம்புல தெம்பில்ல பாக்கரு. டாக்டரு திட்டுறாரு. அந்தச் சாயல்குடிப் பையனக் கூப்புட்டுப் பாத்தேன், அவன எங்கிட்டோ மாத்திட்டாக, போனு போகல."

பாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒண்ணு செய்யி. உச்சிப்புளில நேவிக்காரன் எறங்குற எடம் இருக்குல்ல? மதிலுக்கு வெளிய ஒரு பிடி அள்ளிக் குடு. விமானத் தளத்து மண்ணுதான? அதுல பஞ்சாபுன்னு எழுதியா இருக்கு?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சோணைமுத்துவும் சிரித்தார். கருவாட்டுக் குழம்போடு சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

பங்குனி போனது. சித்திரை போனது. கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சேதுபதி போன் செய்தார். கல் வந்துவிட்டது, பெயர் வெட்டியாயிற்று, பிளக்ஸ் அச்சாயிற்று, மண் எங்கே தாத்தா? நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சோணைமுத்து சொன்னார். அப்படிச் சொன்னபோது எந்த மண் என்று அவர் முடிவு செய்திருக்கவில்லை. மறுநாள் காலை ராமேஸ்வரம் வண்டியில் ஏறி, உச்சிப்புளியில் இறங்கினார். மதில் ஓரம் கருவேலம் புதர். வெயில் ஏறியிருந்தது. உள்ளே எங்கோ ஒரு ஹெலிகாப்டர் இரைந்தது. ஒன்றுக்குப் போகிறவர் மாதிரி புதர்ப் பக்கம் ஒதுங்கி, குனிந்து, ஒரு பிடி அள்ளினார். அவசரத்தில் பாதி சிந்தியது. மறுபடி அள்ளினார்.

பூசாரி வீட்டில் மஞ்சள் துணியை நீட்டும்போது மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

"விமானத் தளத்து மண்ணு மாரி. அந்தச் சாயல்குடிப் பையன் பார்சல்ல அனுப்பி வச்சான். அண்ணனை எறக்கினப்ப ரத்தம் சொட்டின எடம்."

மாரிச்செல்வம் முடிச்சை அவிழ்த்து, மண்ணை உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பார்ப்பது வழக்கம்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது. மண்ணுக்குள்ளிருந்து நகக்கண் அளவு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். சிப்பி. கடற்கரை மண்ணில் மட்டும் கிடக்கும் சிப்பித் துண்டு. பூசாரி அதைப் பார்த்தார். அப்புறம் சோணைமுத்துவைப் பார்த்தார். சோணைமுத்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். சிப்பியை இடுப்பு மடிப்புக்குள் சொருகிக்கொண்டு, பூசாரி மண்ணை மறுபடி முடிந்தார்.

"சரி சின்னய்யா. வச்சிருவோம்."

அவ்வளவுதான். வெளியே வந்து சோணைமுத்து செருப்பை மாட்டினார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

வைகாசியில் கும்பாபிஷேகம் காலையில் முடிந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். கோயம்புத்தூர், சூரத், சிங்கப்பூர் என்று போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். வழியெங்கும் பிளக்ஸ். அதில் காளீஸ்வரன் தொப்பியோடு, பின்னால் ஜெட் விமானத்தோடு, முகத்தில் வேறு யாருடைய நிறத்தையோ பூசிக்கொண்டு சிரித்தார். உச்சிப் பொழுதில் பட்டவன் கற்களுக்கு முன்னால் ஐந்து இலை விரித்தார்கள், பக்கத்தில் ஆறாவது இலை. கல்லின் கண்ணைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார் பூசாரி. உறுமியும் மேளமும் எழுந்தன.

முதல் தடவை. ஐந்து சாமியாடிகளும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் குலவையிட்டது. சோணைமுத்து ஆறாவது கல்லுக்கு முன்னால் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். உடம்பு சும்மா நின்றது. முழங்கால் வலித்தது.

இரண்டாவது தடவை. எல்லாக் கண்ணும் அவர் மேல். செல்போன்கள் உயர்ந்தன. "வரும், வரும்" என்று சேதுபதி காதருகில் கத்தினார். யாரோ ஒரு கிழவர், "கையத் தூக்கு சோணை, தூக்கினா தானா வரும்" என்றார். அவர் கையைத் தூக்கினார். கை தூக்கியபடி நின்றது. அண்ணா என்று மனதுக்குள் கூப்பிட்டார். எதுவும் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? கல்லுக்கு அடியில் இருப்பது உச்சிப்புளி ரோட்டோர மண். அண்ணன் அங்கே ஒரு நாள்கூட நின்றதில்லை.

மூன்றாவது தடவைக்கு முன்னால் மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் சோணைமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். மண்ணில் பொய் சொல்லியாயிற்று, இதிலும் சொல்லிவிடுவது. ஆடுவது பெரிய காரியமில்லை. ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். தலையைச் சுழற்றி, பல்லைக் கடித்து, "வந்துட்டேன்டா தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஊர் விழுந்து கும்பிடும். அண்ணன் பெயர் நிற்கும்.

மேளம் அடித்தது. அவர் வாயைத் திறந்தார். அண்ணன் மாதிரி பேச வேண்டும். அண்ணன் எப்படிப் பேசுவார்?

தெரியவில்லை. தேடிப் பார்த்தார். அண்ணன் கடைசி லீவில் வந்தபோது சைக்கிள் கேரியரில் இவரை வைத்துக் கமுதிச் சந்தைக்கு மிதித்தது ஞாபகம் இருந்தது. முதுகு ஞாபகம் இருந்தது, வேர்வையில் ஒட்டிய சட்டை, கழுத்துக்குப் பின்னால் ஒரு மச்சம். போகிற வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே மிதித்தார். என்ன பேசினார்? கட்டைக் குரலா, கீச்சுக் குரலா? டேய் என்றா, ஏலே என்றா, தம்பி என்றா கூப்பிட்டார்? எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் எத்தனை லட்சம் பேர் கேட்கும்படி பேசியவருக்கு, அந்த ஒரு குரல் எங்கேயும் அகப்படவில்லை. திறந்த வாயோடு நின்றார். மனதுக்குள் வந்ததெல்லாம் அவருடைய சொந்தக் குரல்தான். "மூணாம் நம்பர்ல…" என்ற குரல்.

மேளம் ஓய்ந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "புதுச் சாமி, வர நாளாகும்" என்று யாரோ நல்ல மனசோடு சொன்னார்கள். இன்னொருவர், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கட்டில்ல செத்தவருக்கு அப்பவே வேணாம்னாக" என்றார். பூசாரி ஆறாவது இலையைச் சுருட்டி எடுத்தார். ஐந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஐந்து கல்லுக்கு மட்டும் தீபம் காட்டினார். சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டம் கலைந்தது.

எல்லோரும் போனபின் மாரிச்செல்வம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் விபூதியும் வேர்வையும். இடுப்பு மடிப்பிலிருந்து சிப்பித் துண்டை எடுத்து சோணைமுத்துவின் கையில் வைத்தார்.

"தெரிஞ்சேதான் வச்சியா மாரி?"

"நீங்க அம்புட்டுத் தூரம் போய் வந்தீகள்ல. சாமி பாத்துக்கிரும்னு நெனச்சேன்."

கல்லின் மேல் பெயர் புதிதாக மின்னியது. பிறகு பூசாரி, குற்றம் சொல்வது போல இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல சின்னய்யா. மதுரையில எறங்கினதும் எதுக்குப் போனப் போட்டு எரிச்ச எடம்னு சொன்னீக? ஆஸ்பத்திரி வாசல்ல அள்ளினதுன்னு சொல்லியிருந்தா நான் மேல ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேனே. அன்னைக்கே அந்தப் பொய்யச் சொல்லியிருந்தா, மண்ணாவது அவுக மண்ணா இருந்திருக்கும்."

சோணைமுத்து சிப்பியை விரலால் உருட்டினார். பதில் இருந்தது. சந்தோசத்தில் சொல்லிவிட்டேன் என்பதுதான் பதில்.

கல்லைப் பிடுங்கவில்லை. நட்ட கல்லைப் பிடுங்கினால் ஊருக்கு ஆகாது. அது அங்கேயே நிற்கிறது, ஆறாவதாக, பன்னிரண்டு வருடத்துக்கு. படையல் நாளில் ஒலிபெருக்கிக் கம்பியை அதில் சுற்றிக் கட்டுகிறார்கள். சேதுபதி பிளக்ஸைக் கழற்றி, கடைக்குப் பின்னால் சிமெண்டு மூட்டைகளுக்கு மழை மறைப்பாகப் போட்டுவிட்டார்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் சோணைமுத்து பெரியபட்டினம் போனார். பாக்கர் வாளியைப் பலகையிலிருந்து எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தார். உச்சிப்புளிப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

"எங்கன கொண்டு போற மச்சான்?"

"தெரியல."

"ராமேஸ்வரமா? நாளைக்குக் கூட்டமாச்சே."

"அங்க அய்யா ஏற்கெனவே கரைச்சிட்டாரு பாக்கரு. முழுசாக் கரைச்சாச்சு. இது வேற."

"அப்ப இங்கயே இருக்கட்டுமே."

"எத்தனை நாளைக்கு?"

பாக்கர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். நவ்ஷாத் அடுத்த வருடம் திரும்பி வந்து கொட்டகையை இடித்து வீடு கட்டப்போகிறான் என்று இருவருக்கும் தெரியும்.

இராமநாதபுரம் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. ஊருக்குக் கொண்டு போக முடியாது. நடத்துநர் புதுப் பையன், அவரைத் தெரியாதவன். டிக்கெட் கருவியைத் தட்டிக்கொண்டே வந்து நின்றான்.

"பெருசு, எங்க எறங்கணும்?"

சோணைமுத்து வாயைத் திறந்தார். பின்னாலிருந்தவர்கள் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க பெருசு" என்றான் பையன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.